வெள்ளாமை வெட்டும்வரை பொறுக்காத அட்டை

“தவணை தவறாமல் செலுத்திவரும் மதிப்புக்குரிய வாடிக்கையாளராகிய தங்களின் கடன் எல்லையை உயர்த்தித் தருவதில் மகிழ்ச்சியடைகிறோம்.”

சென்ற வருடம் ஜனவரி மாதத் திகதியிட்டு, கொழும்பிலுள்ள ஒரு வங்கியின் கடனட்டைப் பிரிவிலிருந்து என் தங்கையின் கணவருக்கு வந்த கடிதத்தின் முதல் வாக்கியம் இது. மூலக் கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழாக்கம் என்னுடையது.

அந்த மாதத்தின் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு, தொப்பியைக்கூடக் கழற்றாமல் மச்சான் கல்முனையிலுள்ள என் வீட்டுக்கு வந்தார். மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதே முகமெல்லாம் சிரிப்பு.

“மச்சான், இத வாசிச்சுப் பாருங்க. இத்தின வருஷமாக் கந்தோர்ல வேல செய்யிறன். ஒரு பெரியவரும் என்னப் பத்தி இப்பிடி ஒரு வரி எழுதித் தரல்ல. பேங்க்காரன் தந்திரிக்கான்.”

மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞர். சம்மாந்துறைப் பக்கம் கொஞ்சம் வயலும் உண்டு. யாரிடமும் ஒரு சதம் ஏமாற்றாத மனிதர். வட்டிக்குக் கொடுப்பவர் வீட்டில் தேத்தண்ணிகூடக் குடிக்க மாட்டார். ஒருமுறை அப்படி ஒருவரின் வீட்டுக் கலியாணத்துக்குப் போய், தலைவலி என்று சொல்லிச் சாப்பிடாமல் எழும்பி வந்தவர்.

அப்போது அவர் மூத்த மகளுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளையின் கலியாணம் என்றால் முதலில் வீடு. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியேறுவார். நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு நிக்காஹ் என்று பேசியிருந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை, பெருநாளை ஒட்டித்தான் லீவு. அதைத் தவறவிட்டால் அடுத்த லீவு எப்போது என்று அவருக்கே தெரியாது. வீட்டிலோ சுவர் எழும்பி, கூரை போட்டு, தரைக்கு மாபிள் பதித்தாயிற்று. கதவு இல்லை, வயரிங் இல்லை, பெயின்ட் இல்லை. வயலில் வெள்ளாமை வெட்ட இன்னும் நாள் இருந்தது.

“இப்ப லிமிட்டக் கூட்டித் தாறாங்க. கதவையும் வயரிங்கையும் கிரெடிட் காட்டுலயே எடுத்திரலாம். தங்கச்சிட சீட்டுக் காசு கையில இரிக்கி, அத விருந்துக்கு வெச்சிக்கலாம்,” என்றார் மச்சான்.

என் தங்கை பக்கத்து வீட்டுப் பெண்களோடு சீட்டுப் பிடிக்கிறாள். அந்த மாதம்தான் அவளுக்குச் சீட்டு விழுந்திருந்தது.

எனக்கு எதையும் திகதியோடு பார்த்தால்தான் மனம் ஆறும். மாதாந்த பில் இருந்தால் காட்டுங்கள் என்றேன். மனிதர் எல்லாவற்றையும் ஒழுங்காகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். மறுநாள் கொண்டுவந்தார். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட பில்கள். நான் விரித்து வைத்து, மாதம் மாதமாக மூன்று தொகைகளை மட்டும் எழுதினேன்: வாங்கியது, கட்டியது, மிச்சம்.

மூன்றாவது மாதத்துக்கு வந்தபோதே கணக்கு இடித்தது. அவர் கட்டிய காசு ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தது. மிச்சம் அதற்கேற்றாற்போல் குறையவில்லை. பில்லின் அடிப்பகுதியில் சின்ன எழுத்தில் ஒரு வரி ஒவ்வொரு மாதமும் இருந்தது. அது வட்டி.

“மச்சான், ஒவ்வொரு மாசமும் நீங்க முழுத் தொகையும் கட்டினீங்களா?”

“இல்ல. அவங்க கேக்கிற தொகையத்தான் கட்டுவன். மேல பெரிசா அடிச்சிரிப்பாங்க, மினிமம் எண்டு. ஒரு நாள் பிந்தல்ல. போன சிறுபோகம் வெட்டினதும் ஒரு பெரிய தொகையும் போட்டன். இந்தப் போகம் வெட்டினா மிச்சத்த முடிச்சிருவன்.”

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. மச்சான் அட்டையைக் கல்முனைக் கடை மாதிரி நினைத்திருக்கிறார்! எங்கள் பஜாரில் வயல்காரனுக்குக் கடன் கொடுத்தால் வெள்ளாமை வெட்டும்வரை பொறுப்பார்கள். இடையிலே கடைக்காரன் மனம் நோகாமல் இருக்க, மாதம் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுப்போம். மறக்கவில்லை என்பதற்கு அது அடையாளம். கடனோ வாங்கிய அன்று எவ்வளவோ, போகம் முடியும்போதும் அவ்வளவுதான். இந்த வழக்கத்திலேயே வளர்ந்த மனிதருக்கு, ‘குறைந்தது இவ்வளவு கட்டுங்கள்’ என்று அச்சடித்து வந்தால் என்ன தோன்றும்? மரியாதைக்குக் கொஞ்சம் கேட்கிறார்கள் என்றுதான் தோன்றும். அட்டை விற்க வந்த பையனும், “திகதிக்குக் கட்டினா வட்டியே இல்ல சேர்” என்று சொல்லியிருக்கிறான். ‘முழுவதையும்’ என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டான்.

நான் விளக்கிச் சொன்னதும் மச்சான் கையிலிருந்த பில்லைக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“வட்டியா? நான் வட்டி கட்டியிருக்கனா? மகள்ட ஊட்டுக்கா?”

காசு போனதைவிட அதுதான் அவரை வெட்டியது. அந்த ஒரு வருடத்தில் அவர் கட்டியதெல்லாம் சேர்ந்து, உண்மைக் கடனில் ஒரு கதவின் பெறுமதியைத்தான் குறைத்திருந்தது என்று நான் அன்றைக்குச் சொல்லவில்லை. தங்கையிடம் மட்டும் சொன்னேன். அவள் எழும்பிக் குசினிக்குப் போய், அட்டையில் சேர்ந்த புள்ளிகளுக்கு வங்கி இலவசமாகக் கொடுத்த மின்சாரக் கேத்திலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அண்ணனை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

“காக்கா, இந்தக் கேத்திலுக்கு இவரு குடுத்த வெலயில ஒரு தேத்தண்ணிக் கடையே போட்டிரிக்கலாம். நான் கல்லாவுல இருந்திருப்பன். இவரு ரொட்டி சுட்டிருப்பாரு.”

மச்சானும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அடுத்த வாரம் அவரை வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்க முடியாது.

வங்கியின் இங்குள்ள கிளையில் ஒரு இளம் பெண் உத்தியோகத்தர் இருந்தார். எங்களை இருக்கச் சொல்லி, பொறுமையாகக் கதைத்தார். நான் எழுதிக்கொண்டு போன கேள்விகளுக்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொன்னார். மாதாமாதம் கட்டிய குறைந்த தொகையில் பெரும்பகுதி வட்டிக்கே போயிருக்கிறது. பழைய மிச்சம் இருக்கும்வரை புதிதாக வாங்கும் சாமானுக்கு வட்டியில்லாத தவணை நாள் என்பதே கிடையாது, வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும். சீமெந்துக்குப் பின்னால் கொமட், கொமட்டுக்குப் பின்னால் மாபிள் என்று மச்சான் எடுத்தபோதெல்லாம் நடந்தது அதுதான்.

“அப்ப மாசாமாசம் முழுசாக் கட்டுற ஆக்களிட்ட வங்கிக்கு என்ன வருமானம்?” என்று கேட்டேன்.

“கடைக்காரர்ட்ட எடுக்கிற சின்ன வீதம் மட்டுந்தான் சேர். அவங்க எங்களுக்கு நல்ல வாடிக்கையாளர். ஆனா…” என்று தொடங்கியவர், மச்சானைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மச்சான் முடித்து வைத்தார். “ஆனா மதிப்புக்குரிய வாடிக்கையாளர் நான்தான். இல்லையா மகள்?”

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார், எல்லையைக் கூட்டுவதற்குக் கையெழுத்து வைக்க வேண்டாம் என்று. முழுவதையும் ஒரே தரத்தில் கட்ட வழியிருந்தால் கட்டுங்கள், அடுத்த மாதம் இடைநாட்களின் வட்டி என்று ஒரு சின்னத் தொகை வரும், அதையும் கட்டிவிட்டு, கணக்கு மூடப்பட்டதென்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள் என்றார். அந்தச் சின்னத் தொகையைக் கவனிக்காமல் விட்டுத்தான் பலர் மறுபடி மாட்டுகிறார்களாம்.

வெளியே வந்து வெயிலில் நின்று யோசித்தோம். முழுவதையும் கட்ட வேண்டுமானால் தங்கையின் சீட்டுக் காசை அப்படியே போட வேண்டும். அதற்கு மேலும் கொஞ்சம் தேவை. போட்டால் கதவுக்கும் வயரிங்குக்கும் கையில் ஒன்றும் இருக்காது. போடாவிட்டால் அட்டை தின்னும். மகளின் வீடா, அட்டையா என்ற இடத்தில் மச்சான் நின்றார்.

வழி சொன்னது தங்கைதான். மாபிள் அளவுக்கு மிஞ்சி எடுத்ததில் உடைக்காத பெட்டிகள் வீட்டில் அடுக்கிக் கிடந்தன. “காட்டுல எடுக்கக்குள்ள ஆருக்குக் கணக்குத் தெரியும்? கைக்காசு எண்டா எண்ணித்தானே எடுத்திரிப்பீங்க” என்று மச்சானைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அந்தப் பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்துப் பார்ப்போம் என்றாள். ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு, மூவருமாகப் பஜாரில் மாபிள் எடுத்த ஹாட்வெயார் கடைக்குப் போனோம்.

கடை முதலாளி பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பைச் சேர்ந்தவர். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் அளவு நாடா. எனக்கு அவரோடு அதற்கு முன்னால் பழக்கம் இல்லை. பெட்டிகளைப் பார்த்தார், சீல் உடைக்காததைத் தடவிப் பார்த்தார், எடுத்துக்கொள்கிறேன் என்றார். மச்சான் அட்டையை நீட்டினார்.

“அதுக்குள்ள வேணாம் நானா. காட்டுக்குத் திருப்பினா வந்து சேரக் கனநாள் எடுக்கும். காசாத் தாறன்.” முஸ்லிம்களை ‘நானா’, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவது தமிழ்க் கடைக்காரர்களின் வழக்கம்.

நான் வங்கியில் கேட்டதை மனதில் வைத்துக்கொண்டு, அட்டை இழுக்கும் மெசினுக்கு நீங்களும் ஏதாவது கொடுக்கிறீர்களா என்று கேட்டேன்.

“பின்ன? ஒவ்வொரு இழுவைக்கும் அவங்களுக்கு ஒரு பங்கு. நீங்க இழுக்கக்குள்ள என்ட லாபத்திலயும் கொஞ்சம் இழுபட்டுப் போகும். வைக்காட்டி யாவாரம் இல்ல எண்டு வெச்சிரிக்கன்.” மச்சானை நிமிர்ந்து பார்த்தார். “அது சரி, உங்களுக்கு இந்தக் காட்டு என்னத்துக்கு? வயல் இருக்கிற மனுசன். ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா வெள்ளாமை வெட்டும்வரைக்கும் நான் பொறுத்திருப்பனே.”

மச்சான் அட்டையைச் சட்டைப் பைக்குள் செருகினார். தங்கைதான் போட்டு உடைத்தாள்.

“மாப்புள ஊட்டாக்கள் சாமான் எடுக்கிறதும் இந்தக் கடையிலதான் முதலாளி. கடன் சொன்னா அவங்கட காதுல உழும் எண்டு இவருக்கு வெக்கம்.”

முதலாளி கடையே அதிரச் சிரித்தார். “நல்ல வெக்கம்! மாப்பிள வீட்டாருக்குத் தெரியாம இருக்கவா கொழும்பில கடன் பட்டது? நானா, இந்தப் பஜார்ல கடன் சொல்லாத மனுசன் ஒராளக் காட்டுங்க பாப்பம். நானே கொழும்புக்காரனுக்குக் கடன். மாப்பிள வீட்டார்ட கணக்கும் இஞ்சதான் கிடக்கு. எவ்வளவு எண்டு மட்டும் கேக்கப்படாது.”

மச்சானின் முகம் மாறியதை அன்று நான் பார்த்தேன். ஒரு வருடமாகத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த மூட்டையை யாரோ கைநீட்டி இறக்கி வைத்ததுபோல. அட்டையில் கடன் பட்டால் ஊருக்குத் தெரியாது. அவர் வாங்கியது சாமான் மட்டுமல்ல, அந்த மறைவையும்தான். நான் தேடி வாசித்தவற்றில் வட்டி வீதம் பற்றியும் தண்டப்பணம் பற்றியும் நிறைய எழுதியிருந்தார்கள். வெட்கத்துக்கும் ஒரு விலை அறவிடப்படுகிறது என்று நான் எங்கும் வாசிக்கவில்லை.

அதன் பின் எல்லாம் வேகமாக நடந்தது. மாபிள் காசும் சீட்டுக் காசும் சேர்ந்தபோது தொகை சரியாக வந்தது. அடுத்த திங்கட்கிழமை வங்கியில் முழுவதையும் கட்டினோம். கதவு, வயரிங் சாமான், பெயின்ட் எல்லாவற்றையும் முதலாளி வெள்ளாமைக் கடனாகக் கொடுத்தார். கையெழுத்துக் கேட்கவில்லை. “வெட்டின அண்டைக்கு ஓடி வர வேணாம். நெல்லு வித்த பிறகு வாங்க” என்றார்.

மாதம் பிறந்ததும் அந்தப் பெண் சொன்னபடியே ஒரு சின்னத் தொகை வந்தது. அதையும் கட்டினோம். கணக்கை மூடச் சொல்லிக் கடிதம் கொடுத்த சில நாட்களில் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. மச்சான் ஸ்பீக்கரில் போட்டார். நாங்கள் எல்லோரும் சுற்றி இருந்தோம். கதவுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்த தச்சுவேலை பாஸ்கூடத் தூரிகையை வைத்துவிட்டு வந்துவிட்டார்.

மறுமுனையில் மிகப் பணிவான ஒரு இளைஞன். தமிழில் நன்றாகக் கதைத்தான். வருடாந்தக் கட்டணம் வேண்டாம் என்றான். எல்லையை இரட்டிப்பாக்கலாம் என்றான். மேலதிகப் புள்ளிகள் தரலாம் என்றான்.

“புள்ளிக்கு இன்னொரு கேத்தில் வருமாமா எண்டு கேளுங்க,” என்று தங்கை பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

மச்சான் கையைக் காட்டி அவளை அடக்கிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார். “தம்பி, நீங்க நல்ல மரியாதயாக் கதைக்கிறீங்க. அல்லாஹ் ஒங்களுக்கு பரக்கத் செய்யட்டும். எனக்கு இதொண்டும் வேணாம். ஒரே ஒரு சலுக தாங்க, காட்ட வெச்சிக்கிறன். வெள்ளாமை வெட்டும்வரைக்கும் வட்டி இல்லாமப் பொறுப்பீங்களா?”

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பையன், “அப்படி ஒரு வசதி எங்களிடம் இல்லை சேர்” என்றான்.

“எங்கட பஜார்ல இரிக்கி தம்பி,” என்றார் மச்சான். “அப்ப மூடுங்க.”

பாஸ் கை தட்டினார். தங்கை உள்ளே போய்ப் பாக்குவெட்டியை எடுத்து வந்தாள். கத்தரிக்கோலுக்கு வழுக்கிய அட்டை பாக்குவெட்டிக்கு வழுக்கவில்லை. நாலு துண்டாக விழுந்தது. கலியாணப் பெண் அதைத் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டு போனாள். மார்ச் மாதத் தொடக்கத்தில், நோன்பு பிடித்த கையோடு, கணக்கு மூடப்பட்டதென்ற கடிதம் வந்தது. இந்தக் கடிதத்தில் ‘மதிப்புக்குரிய’ என்ற சொல் இல்லை. மச்சான் அதைத்தான் சட்டகம் போட வேண்டும் என்றார்.

இதோடு எல்லாம் இனிதே முடிந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் வெட்டுக் காலத்தில் மழை பிடித்துக்கொண்டது. வெட்டு மெசின் வரம்போரம் புதைந்து கிடந்தது. நெல்லை ஈரத்தோடு விற்றால் விலை இல்லை, காய வைக்க வெயில் இல்லை. மச்சான் வெட்கத்தை விட்டு முதலாளியிடம் நேரில் போய்ச் சொன்னார். அவர் சொன்னது, “மழைக்கு நான் வட்டி போடுறல்ல நானா. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்பதுதான். நோன்பு என்பது அவருக்கு ஒரு கணம் மறந்துபோயிற்று. ஞாபகம் வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு, வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கட்டிக் கொடுத்தனுப்பினார். அன்று நோன்பு துறந்தது அந்தப் பழத்தில்.

நெல் காய்ந்து, விலைபட்டு, காசு கைக்கு வந்தபோது பெருநாளுக்குச் சில நாட்களே இருந்தன. மச்சானோடு நானும் போனேன். பிந்திப்போன வாரங்களுக்கு ஏதாவது கூடியிருக்குமோ என்று எனக்கு உள்ளூர ஒரு கேள்வி. கூடவில்லை. கதவு எடுத்த அன்று எழுதிய தொகைதான். எண்ணிக் கொடுத்தோம், முதலாளி கணக்கைக் கோடு போட்டு வெட்டினார். பெருநாள் கழிந்த கையோடு, வட்டி கலக்காத கதவுகளைத் திறந்து வைத்து, அந்த வீட்டில் நிக்காஹ் நடந்தது. முதலாளி குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் வாப்பா. இருவரும் தலையைச் சாய்த்து ஏதோ கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மச்சானுக்கு இப்போது அதைப் பற்றிக் கவலையில்லை.

ஊரில் மழை எப்போது பெய்தது, நெல் என்ன விலை போனது என்று நான் குறித்து வைப்பவற்றோடு இதையும் எழுதியிருக்கிறேன். எழுதும்போது ஒரு சந்தேகம் எழுந்தது. அதே தரத்துக் கதவுகளுக்குப் பஜாரில் வேறு இரண்டு கடைகளில் விலை கேட்டேன். இரண்டிலும் முதலாளி எங்களிடம் எடுத்ததைவிடக் கூடுதலாகவே சொன்னார்கள். அவரிடமே கேட்டேன். “பழைய ஸ்டொக் சேர்” என்று சொல்லிவிட்டு ஆணி நிறுக்கப் போய்விட்டார். வங்கி எடுத்ததை ஒரு மாலை உட்கார்ந்து சதக் கணக்கில் கண்டுபிடிக்க முடிந்த எனக்கு, இந்த மனிதர் விட்டுக் கொடுத்தது எவ்வளவு என்று, உண்மையில் விட்டுத்தான் கொடுத்தாரா என்றுகூட, இன்றுவரை உறுதிப்படுத்த முடியவில்லை. மனிதர்மேல் நம்பிக்கை குறையும் நாட்களில் எனக்குத் துணைக்கு வருவது, கணக்கு முடிந்த பில்களை விட, உறுதிப்படுத்த முடியாத இந்த ஒரு வரிதான்.